ஈபேயில் ஏலம் விடுகிறேன், சேல்ஸ் டாக்ஸ் நான் கட்ட வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். நியூஜெர்சி எடிசனில் இருக்கிறீர்கள். சனி ஞாயிறுகளில் எஸ்டேட் சேல், கராஜ் சேல் என்று வீட்டுப் பழஞ்சாமான் விற்கும் இடங்களைச் சுற்றி, பழைய ஃபிலிம் கேமராக்களை வாங்கித் துடைத்து, ஷட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்து, ஈபேயில் ஏலத்துக்கு விடுகிறீர்கள். மாதம் பத்துப் பதினைந்து போகிறது. விற்பவர்தான் சேல்ஸ் டாக்ஸ் வசூலித்து மாநிலத்துக்குக் கட்ட வேண்டும் என்று இணையத்தில் ஒரு பழைய கட்டுரையைப் படித்துவிட்டு, இரண்டு வருடமாக ஒரு காசு கட்டவில்லையே, மாட்டிக்கொள்வேனா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், ஜூலையில் ஒரு ஃபிளீ மார்க்கெட்டில் (பழைய பொருள் சந்தை) மேசை போட்டு ஒன்பது கேமராக்களை 640 டாலருக்கு விற்றதையும் சொல்லியிருக்கிறீர்கள். ஈபே விற்பனைக்காகத் தூக்கம் கெட வேண்டாம். அந்த ஒன்பது கேமராக்கள்தான் விஷயம்.

நான் இதே மாநிலத்தில் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, ரிட்டர்ன் போட்டுக்கொடுத்துப் பிழைப்பவன். மளிகைக்கடை, தையல்கடை, உங்களைப் போல வார இறுதி வியாபாரிகள் என்று இருபது வருடப் பழக்கம். வழக்கறிஞர் இல்லை. அதனால் கீழே சொல்வதில் சட்டம் தெளிவாக இருக்கும் இடத்தில் தெளிவாகச் சொல்கிறேன், இழுபறியான இடத்தில் இழுபறி என்றே சொல்கிறேன்.

நம் ஊரிலிருந்து வருபவர்களுக்கு முதலில் குழம்புவது, இங்கே சேல்ஸ் டாக்ஸ் என்பது மத்திய அரசின் வரியே இல்லை என்பதுதான். இந்தியாவில் 2017 ஜூலையிலிருந்து ஜிஎஸ்டி என்று நாடு முழுக்க ஒரே ஏற்பாடு. இங்கே 45 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் தனித்தனியாக வரி போடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம், தனி விலக்கு, தனிப் படிவம். அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூஹாம்ப்ஷையர், ஆரிகன் ஆகிய ஐந்திலும் மாநில அளவில் இந்த வரி கிடையாது (அலாஸ்காவில் சில ஊர்கள் தாமாகப் போடுகின்றன). நியூஜெர்சி 1966-ல் 3 சதவீதத்தில் தொடங்கியது, 2006-ல் 7-க்கு ஏறியது, 2018 ஜனவரியிலிருந்து 6.625 சதவீதம். நல்லவேளையாக இங்கே டெக்சாஸ் மாதிரி ஊருக்கு ஊர் கூடுதல் வரி இல்லை. அங்கே மாநிலத்துக்கு 6.25, அதற்கு மேல் ஊரும் மாவட்டமும் சேர்ந்து 2 சதவீதம் வரை போட்டுக்கொள்ளலாம். ஒரே தெருவின் இரண்டு பக்கத்தில் இரண்டு விகிதம் இருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

நீங்கள் படித்த கட்டுரை பொய் சொல்லவில்லை, எழுதப்பட்ட காலத்தில் அது சரி. 1992-ல் குவில் என்ற அஞ்சல்வழி வணிக நிறுவனத்துக்கும் வடக்கு டகோட்டா மாநிலத்துக்கும் நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத வியாபாரியை அந்த மாநிலம் வரி வசூலித்துத் தரச்சொல்ல முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு 26 வருடம் நின்றது. ஈபே வளர்ந்ததே அந்தக் காலத்தில்தான். அப்போது எடிசன்காரர் ஓஹையோவுக்கு விற்றால் வரி வசூலிக்க வேண்டியதில்லை, நியூஜெர்சிக்குள் விற்றால் மட்டும் வசூலிக்க வேண்டும். அதையும் ஈபே தானாகச் செய்யாது, விற்பவர் தன் கணக்குக்குள் போய் மாநிலத்துக்கு எதிரே விகிதத்தை நிரப்ப வேண்டும். இணையத்தில் இன்னமும் சுற்றும் பாதி ஆலோசனைகள் இந்தக் காலத்து மிச்சம்.

2018 ஜூன் 21 அன்று அது கவிழ்ந்தது. தெற்கு டகோட்டாவில் வருமான வரி கிடையாது, சேல்ஸ் டாக்ஸை நம்பித்தான் மாநிலம் ஓடுகிறது. வருடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அல்லது 200 தடவையோ அதற்கு மேலோ எங்கள் மக்களுக்கு விற்றால், எங்கிருந்து விற்றாலும் வரி வசூலித்துக் கொடு என்று அது ஒரு சட்டம் போட்டு, வேஃபேர், ஓவர்ஸ்டாக், நியூஎக் என்ற மூன்று இணையக் கடைகளின் மீதும் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாநிலம் ஜெயித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கென்னடி. இதைக் கேட்டதும் என்னிடம் வந்துகொண்டிருந்த சின்ன விற்பனையாளர்கள் எல்லாருக்கும் வயிற்றில் புளியைக் கரைத்தது. 45 மாநிலங்களுக்கும் ரிட்டர்ன் போட வேண்டுமா என்று வரிசையாக போன். ஆனால் மாநிலங்கள் வேறு கணக்குப் போட்டன. லட்சக்கணக்கான சில்லறை வியாபாரிகளைத் துரத்துவதைவிட, அவர்கள் உட்கார்ந்திருக்கும் சந்தையின் உரிமையாளரைப் பிடிப்பது சுலபம். ஈபே, அமேசான், எட்ஸி போல, பொருளைப் பட்டியலிட்டு, பணத்தையும் தானே வாங்கும் தளம் எதுவோ, அதுவே வரியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் போட்டன. நியூஜெர்சியில் இது 2018 நவம்பரிலேயே வந்துவிட்டது. கடைசியாக வந்தது மிசௌரி, 2023 ஜனவரி. இப்போது சேல்ஸ் டாக்ஸ் உள்ள மாநிலம் எதிலும் இந்த ஏற்பாடு இல்லாமல் இல்லை.

ஆக, ஈபே வழியாகப் போன உங்கள் விற்பனைக்கு வரி வசூலிக்கப்பட்டிருக்கிறது, கட்டப்பட்டும் இருக்கிறது. உங்கள் பெயரில் அல்ல, ஈபே பெயரில். நீங்கள் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது, விகிதத்தை மாற்றவும் முடியாது.

சந்தேகமாக இருந்தால் முடிந்துபோன ஒரு ஆர்டரைத் திறந்து பாருங்கள். கேமரா 180 டாலருக்கு ஏலம் முடிந்தது, தபால் செலவு 14 டாலர், வாங்கியவர் ஜெர்சி சிட்டி என்று வைத்துக்கொள்வோம். வரி 194 டாலருக்குப் போட்டு 12.85 என்று இருக்கும். வரி உள்ள பொருளானால் அனுப்பும் செலவுக்கும் இந்த மாநிலத்தில் வரி உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. வாங்கியவர் கொடுத்தது 206.85. உங்கள் கைக்கு வந்த கணக்கில் அந்த 12.85 இருக்காது. அதே கேமராவை ஆரிகனில் ஒருவர் எடுத்திருந்தால் வரி பூஜ்யம், ஏனென்றால் பார்ப்பது பொருள் போய்ச் சேரும் முகவரியைத்தான். அப்புறம் ஒரு எரிச்சல்: ஈபே தன் கட்டணத்தைப் பொருள் விலைக்கு மட்டும் போடுவதில்லை, வரியும் சேர்ந்த மொத்தத் தொகைக்குப் போடுகிறது. கட்டணம் 13 சதவீதம் என்று தோராயமாக வைத்தால், உங்களுக்கு வராத அந்த 12.85-க்காக நீங்கள் 1.67 டாலர் கட்டணம் கொடுத்திருக்கிறீர்கள். சட்டப்படி தப்பில்லை. ஆனால் ஏலத்துக்கு ஆரம்ப விலை வைக்கும்போது இந்த ஒன்றரை டாலரை மனதில் வைத்துக்கொள்ளாதவர்கள், லாபம் ஏன் கணக்கைவிடக் குறைகிறது என்று வருடக் கடைசியில் தலையைச் சொறிகிறார்கள்.

உங்கள் மனைவி இரண்டு பட்டுச்சேலை விற்றபோது வரியே வரவில்லை, ஈபே மறந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மறக்கவில்லை. நியூஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் சாதாரண உடைகளுக்கு இந்த வரி கிடையாது, நியூயார்க்கில் 110 டாலருக்குக் குறைந்த உடைகளுக்கு மாநில வரி கிடையாது. சேலையை எந்த வகையில் பட்டியலிட்டீர்கள் என்பதை வைத்துத் தளம் தீர்மானிக்கிறது. அலங்காரத் துணி என்று போட்டிருந்தால் வரி விழுந்திருக்கும்.

சரி, அந்த ஃபிளீ மார்க்கெட்டுக்கு வருவோம். அங்கே பணத்தை வாங்கியது நீங்கள். இடத்துக்கு வாடகை வாங்கிய மைதானக்காரர் உங்கள் பணப்பெட்டியைத் தொடவில்லை. அதனால் அவர் ஈபே ஆகிவிட மாட்டார். வரி வசூலிக்க வேண்டியவர் நீங்களேதான். வீட்டில் வேண்டாத சோபாவை ஒருமுறை விற்றால் அது எப்போதோ நடக்கும் சொந்த விற்பனை, அதற்கு இந்த மாநிலத்தில் விலக்கு இருக்கிறது. விற்பதற்கென்றே வாங்கிய ஒன்பது கேமராக்களை மேசையில் அடுக்கினால் அந்த விலக்கில் நிற்க முடியாது. (வேடிக்கை என்னவென்றால், அதே பழைய சோபாவை ஈபேயில் போட்டால் வரி விழும், ஏனென்றால் அது உங்கள் வீட்டுப் பொருளா வியாபாரப் பொருளா என்று தளம் பார்ப்பதில்லை.) எங்கே பொழுதுபோக்கு முடிந்து வியாபாரம் தொடங்குகிறது என்பதற்கு நியூஜெர்சியில் இத்தனை பொருள், இத்தனை டாலர் என்று தெளிவான கோடு கிடையாது; எவ்வளவு அடிக்கடி, எந்த எண்ணத்தோடு என்று பார்ப்பார்கள். டெக்சாஸ் இதில் பரவாயில்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியதை வருடம் 3,000 டாலர் வரை விற்றால் விலக்கு என்று எண் போட்டுச் சொல்லியிருக்கிறது, இணைய ஏலத்தில் விற்றாலும் அந்த விலக்கு போகாது என்றும் சேர்த்திருக்கிறது. உங்கள் விஷயத்தில் கோட்டைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. மாதம் பத்துப் பதினைந்து என்றால் அது வியாபாரம்தான்.

640-க்கு 6.625 சதவீதம் 42 டாலர் 40 சென்ட். வாங்கியவர்களிடம் நீங்கள் கேட்கவில்லை, இனிமேல் கேட்கவும் முடியாது. கைக்காசிலிருந்து கட்டுங்கள். அதற்கு முன்னால் மாநிலத்தில் வியாபாரத்தைப் பதிவு செய்ய வேண்டும், என்ஜே-ரெக் என்ற படிவத்தில், இணையத்திலேயே முடிந்துவிடும். தொடங்குவதற்குப் பதினைந்து வேலை நாட்களுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய பதிவு இது, தாமதமாகிவிட்டது. தொடங்கிய தேதி கேட்கும் இடத்தில் உண்மையான தேதியை எழுதுங்கள். இன்றைய தேதியை எழுதித் தப்பிக்கலாம் என்று நண்பர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். பதிவுக்குப் பிறகு காலாண்டுக்கு ஒருமுறை எஸ்டி-50 என்ற ரிட்டர்ன். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் 20-ம் தேதி கடைசி நாள். ஜூலை விற்பனை அக்டோபர் 20-க்குள் வர வேண்டும். ஈபேயில் நடந்த விற்பனைக்கு வரி ஏற்கெனவே போய்விட்டது, அதற்கு இன்னொரு தடவை 6.625 போட்டுக் கட்டிவிடாதீர்கள். போன வருடம் ஒருவர் அப்படிக் கட்டிவிட்டு வந்தார், திரும்ப வாங்குவதற்குள் ஒரு வருடம் ஓடிவிட்டது.

ஒன்று நன்றாகக் கவனியுங்கள். பதிவு செய்துவிட்டால், விற்பனையே இல்லாத காலாண்டுக்கும் பூஜ்யம் போட்டு ரிட்டர்ன் அனுப்ப வேண்டும். கட்ட வேண்டிய வரி இல்லையே என்று சும்மா இருந்துவிட்டு அபராதக் கடிதத்தோடு வருபவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் அதிகம். தாமதமான ரிட்டர்னுக்கு மாதம் 100 டாலர் வரை போட அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. இனி மேசை போடப்போவதில்லை, ஈபே மட்டும்தான் என்று முடிவு செய்தால், ரிட்டர்ன் போடத் தேவையில்லாத பிரிவில் வைக்கும்படி எழுதிக் கேட்கலாம், அதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. மேசை போடுவது தொடரும் என்றால் ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். கேமரா 40, வரி 2.65 என்று தனித்தனியாக எழுதுங்கள். அந்த 2.65 உங்கள் பணம் இல்லை, அரசுக்காகக் கையில் வைத்திருக்கும் பணம். வேறு கவரில் போடுங்கள்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2018-க்கு முந்தைய அந்தக் காலத்தில் ஒருவர் என்னிடம் வந்தார். பேனா விற்பவர், மிகவும் நல்ல மனிதர். யாரோ சொன்னார்கள் என்று ஈபே கணக்கில் நியூஜெர்சிக்கு எதிரே 7 சதவீதம் நிரப்பிவிட்டார். மூன்று வருடம் வரி ஒழுங்காக வசூலானது. பதிவும் செய்யவில்லை, கட்டவும் இல்லை. ஈபே கட்டிவிடும் என்று நினைத்துக்கொண்டார், அப்போது அது கட்டாது. வசூலிக்காமல் விட்டவரைவிட, வசூலித்து வைத்துக்கொண்டவரை அதிகாரிகள் வேறு கண்ணால் பார்ப்பார்கள். தெரியாமல் செய்தது என்று புரியவைத்துத் தவணையில் கட்டிமுடிக்க எட்டு மாதம் ஆனது. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த மனிதர் பேனா விற்பதையே விட்டுவிட்டார்.

வாங்கும் பக்கத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது, இது உங்களுக்கு லாபமானது. பதிவு எண் வந்ததும், மறுவிற்பனைக்காக வாங்குகிறேன் என்று எஸ்டி-3 சான்றைக் கொடுத்தால் பழைய பொருள் கடைக்காரர் உங்களிடம் வரி வாங்க வேண்டியதில்லை. ஈபேயிலிருந்தே வாங்கி ஈபேயிலேயே விற்பவராக இருந்தால் சான்றை அங்கேயும் ஏற்றி வைக்கலாம். ஆனால் சான்று கொடுத்து வாங்கிய லைக்கா கேமராவின் மேல் ஆசைப்பட்டு வீட்டு ஷோகேஸில் வைத்துக்கொண்டால், அந்த வாங்கிய விலைக்கு வரியை நீங்களே கணக்குப் போட்டு மாநிலத்துக்குக் கட்ட வேண்டும். யூஸ் டாக்ஸ் என்பார்கள். கேமரா பிரியர்கள் இங்கேதான் சறுக்குவார்கள், சொல்லிவைக்கிறேன்.

நாளைக்குச் சொந்தமாக ஒரு இணையக் கடை திறந்தால் ஈபே தரும் இந்தக் குடை கிடையாது. நியூஜெர்சிக்குள் விற்கும் முதல் பொருளிலிருந்தே வரி உங்கள் பொறுப்பு. வெளி மாநிலங்களில் அந்தந்த மாநிலத்தின் வரம்பைத் தாண்டினால்தான். பெரும்பாலும் வருடம் ஒரு லட்சம் டாலர், கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற பெரிய மாநிலங்களில் ஐந்து லட்சம். வார இறுதிக் கேமரா வியாபாரம் அந்த உயரத்துக்குப் போனால் எனக்கு ஃபீஸ் கொடுக்க உங்களிடம் பணம் இருக்கும், அப்போது பேசிக்கொள்ளலாம்.

வருமான வரி வேறு விஷயம், அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சேல்ஸ் டாக்ஸை ஈபே கட்டிவிட்டது என்பதால் உங்கள் லாபத்துக்கு வருமான வரி இல்லை என்று ஆகாது. 1099-கே படிவம் (உங்கள் விற்பனை வரவை ஈபே வரித்துறைக்கும் உங்களுக்கும் தெரிவிக்கும் தாள்) வந்தால்தான் காட்ட வேண்டும் என்பதும் தவறு. இந்தப் படிவம் அனுப்புவதற்கான மத்திய அரசின் வரம்பை 600 டாலருக்குக் குறைத்து, தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 ஜூலையில் வந்த சட்டம் பழையபடி 20,000 டாலரும் 200 விற்பனையும் தாண்டினால் என்று ஆக்கிவிட்டது. ஆனால் நியூஜெர்சி தன் அளவில் 1,000 டாலர் என்று வைத்திருக்கிறது, ஆகவே உங்களுக்குப் படிவம் வரும். அதில் இருப்பது மொத்த வரவு, லாபம் இல்லை. கேமராவை என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதற்கு எஸ்டேட் சேலில் துண்டுச்சீட்டு கொடுக்கவில்லை என்றால், அன்றே விலைச்சீட்டோடு ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காதது ஒன்று. எச்-1பியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த விசாவில், மனுப்போட்ட நிறுவனத்துக்கு வேலை செய்ய மட்டும்தான் அனுமதி. வீட்டில் இருக்கும் சொந்தப் பொருளை விற்பதை யாரும் வேலை என்று சொல்லப்போவதில்லை. லாபத்துக்காகத் தொடர்ந்து வாங்கி, பழுது பார்த்து, விற்பது அனுமதியில்லாத வேலையாகப் பார்க்கப்படலாம். பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் கேள்வியாக வரவும் கூடும். மனைவியின் பெயரில் மாற்றிவிடலாமா என்று யோசிப்பீர்கள். எச்-4-ல் (எச்-1பிக்காரரின் மனைவிக்குத் தரும் விசா) வேலை அனுமதி அட்டை இருந்தால் ஒரு கதை, இல்லாவிட்டால் அதே சிக்கல்தான். இது என் துறை இல்லை, குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு மணிநேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். வரித்துறை விசா பார்ப்பதில்லை, விசா எதுவானாலும் கட்ட வேண்டிய வரியைக் கட்டியே ஆக வேண்டும். அதனால் வழக்கறிஞரைப் பார்க்கும் வரை அடுத்த மேசையைப் போடாதீர்கள், ஆனால் அந்த 42 டாலர் 40 சென்ட்டை அக்டோபர் 20-க்குள் கட்டிவிடுங்கள்.